ஒரு நெருப்புக்குச்சி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள்.

யுத்தம் முடிந்தபின், கண்டக்குழியில் நான் வேலை பார்த்த விடுதிக்கு லண்டனிலிருந்து ஒரு மெலிந்த தமிழர் வந்து தங்கினார். யூதர்களின் ஓய்வுநாள் என்று சனிக்கிழமைகளில் லைட் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். ஆனால் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் ஒரு நெருப்புக்குச்சியை உரசி, ஊதி அணைப்பார்.

"நோன்பு புடிச்சி, பொழுது பட்டு மஃரிபு வர முன்ன தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கே, ஐயா?"

சிரித்தார். "நான் இன்னும் யூதனில்ல, நானா. யூதனல்லாதவன் இந்த நாளை முழுசாக் காக்கக் கூடாதாம். செத்துப்போன என்ட மனுசி யூதப் பொம்பிளை. என்னையும் அவங்கட சமயத்தில சேர்த்தாத்தான் அவவுக்குப் பக்கத்தில புதைப்பாங்க."

ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகும் அவர் அறைக்கதவு திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தேன். கட்டிலில் இறந்து கிடந்தார். மேசையில் நெருப்புப்பெட்டி. அவருக்காக ஒரு குச்சியை உரசி அணைத்தேன்.

மனைவிக்குப் பக்கத்தில் அல்ல, இங்கே முந்தல் என்ற ஊரில் அடக்கினார்கள்.

நான் செய்தது அவருக்குச் சேருமா, தெரியவில்லை.

எழுதியது: இன்று, சனிக்கிழமை.