பாட்டு இருக்கிறது, படம் இருக்கிறதா?

பிள்ளைகளா, யாராவது ஒரு பென்டிரைவை நீட்டினால் அப்பா அதைப் பாம்புக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார் என்று இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் எழுந்தேனே, ஏன் என்று உங்கள் அம்மாவும் கேட்டாள். இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தியவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கெட்டுப்போன கம்ப்யூட்டர்களிடமிருந்து கற்றதுதான். சுங்கைப் பட்டாணியில் இந்தப் போட்டோக் கடையைப் போடுவதற்கு முன் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்தேன். ஒரு நாள் அங்கே ஆபீசுக்குக் காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தெரிந்தவர் அனுப்பியதாக இருந்ததால் ஒருவர் திறந்தார். உடனே அது அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் தானாகவே போய்விட்டது. இப்படிக் கால் முளைத்துத் தானாகப் போவதைப் புழு என்கிறார்கள். தனியாக நிற்க முடியாமல் வேறொரு கோப்புக்குள் ஒட்டிக்கொண்டே பரவுவது வைரஸ்.

அந்தப் புழு ஆண்டு விருந்துப் படங்கள் எல்லாவற்றின் மேலும் தன்னையே எழுதி வைத்துவிட்டது. ஒரு முகம்கூட மிஞ்சவில்லை. ஆனால் பாட்டுகளை அழிக்காமல் ஒளித்து மட்டும் வைத்திருந்தது. பாட்டின் மேல் அதற்கு என்ன இரக்கமோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு பென்டிரைவ் காலம் வந்தது. செருகிய கம்ப்யூட்டருக்கும் அங்கிருந்து அடுத்த பென்டிரைவுக்கும் தானாகத் தாவி, உள்ளே இருப்பதை ஒளித்துவிட்டு, அதே பெயரில் பொய்யான ஒன்றை வாசலில் நிறுத்துகிற புழுக்கள் வந்தன. இப்போது எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கிற ரகமும் வந்துவிட்டது. அதனால் எந்தக் கோளாறைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: ஒளித்ததா, அழித்ததா?

போன வாரம் சிடாம் கிரி தோட்டத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பும் அவர்தான். மனைவி இறந்துவிட்டார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

"அண்ணே, சம்சாரம் படம் பெருசாக்கணும்" என்று பென்டிரைவை நீட்டினார். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு அதில் இன்னும் இருந்தது.

"போன்ல இல்லையா தம்பி?"

"போன் ஆத்துல வுழுந்துருச்சுண்ணே. அதுக்கு முன்னாடியே மகன் எல்லாத்தையும் இதுல ஏத்திட்டான்."

இணையம் இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன் அல்லவா, அதில் செருகினேன். உள்ளே எல்லாப் பெயரும் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி, உண்மைக் கோப்பு இல்லை, வெறும் குறுக்குவழி என்பதற்கு அடையாளம். எல்லாம் வாசலில் நிற்கிற பொய்.

"தம்பி, புழு புகுந்திருக்கு."

"சாமிப் பாட்டு பென்டிரைவுண்ணே! இதுல எப்பிடி வரும்?"

"எங்கெல்லாம் போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை கோயில்ல. மத்த நாளு லோரியில. செர்டாங் கோயில்ல திருவிழான்னு கேட்டாங்க, குடுத்தேன். பாலர் பள்ளி டீச்சர் கேட்டாங்க, குடுத்தேன். சாமிப் பாட்டு கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா லா?"

"இத வேற கடையில காட்டினீங்களா?"

"பசார் பக்கத்துக் கடையில காட்டினேன். போர்மட் போட்டாத்தான் நல்லாகும்னான். சாமியவே அழிக்கச் சொல்றியாடான்னு புடுங்கிட்டு வந்துட்டேன்."

"லோரியில பாட்டு பாடுதா?"

"காலையில கூட பாடுச்சே! அப்ப எல்லாம் இருக்குதானே?"

அவர் முகம் தெளிந்தது. எனக்கு அப்படி இல்லை. ஒளித்து வைத்த பாட்டை லோரியில் இருக்கும் பாட்டுப் பெட்டி பாடும். கம்ப்யூட்டர்தான் காட்டாது. ஆனால் பாட்டு இருப்பதால் படம் இருக்கும் என்று எப்படிச் சொல்வது? அந்தக் காதல் கடிதமும் பாட்டை விட்டுவிட்டுப் படத்தைத்தானே தின்றது.

ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரும் கட்டளையைத் தட்டினேன். ஒரு முறை தப்பாகத் தட்டி, அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். பழைய கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர் சும்மா இருக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"போட்டோ எடுத்தா மூஞ்சிய திருப்பிக்குவாண்ணே. இந்த ஒன்னுலதான் நேரா பாத்தா. அதுவும் என்னைத் திட்டிக்கிட்டே."

முதலில் பாட்டுகள் வந்தன. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு படங்கள் என்று பெயரிட்ட கோப்புறையும் வந்தது. பெயர் வந்தால் போதுமா? திறந்தேன். வெறும் வெள்ளைக் கட்டங்கள். மெதுவாக ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. ஒரு கட்டத்தில் லோரி டயர் தெரிந்தது. அடுத்ததில் யாரோ பிடித்த மீன். அதற்கும் அடுத்ததில் அந்த அம்மா, கையில் கரண்டியோடு, வாய் பாதி திறந்தபடி நேராக எங்களைப் பார்த்தார்.

"பாருங்கண்ணே, இப்பவும் திட்டுறா!" என்று சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் என் நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். "இன்னொரு படத்துல வாய மூடி வச்சிருக்காங்களான்னு பார்க்கவா?" என்று கேட்டதற்கு, "வேணாண்ணே, வாய மூடுனா அது யாருன்னு அவளுக்கே தெரியாது" என்றார். பென்டிரைவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். போகும்போது, "சுத்தம் பண்ணி வைங்கண்ணே. ஆனா போர்மட் கிர்மட் போட்டுடாதீங்க" என்றார்.

"ஒரு பாட்டும் போகாது, தம்பி" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாமிப் பாட்டு என்பதால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை, அதனால்தான் புழு ஊர் ஊராகப் போனது. சாமிப் பாட்டு என்பதால்தான் அவர் அழிக்கவும் விடவில்லை, அதனால்தான் அந்த அம்மாவின் முகம் தப்பியது. இதில் எதை நல்லது என்பேன்? வெள்ளிக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கிருந்து பாலர் பள்ளிக்குப் போகும். போர்மட் போட்டு முழுக்க அழித்து மறுபடி ஏற்றினால்தான் எனக்கு நம்பிக்கை. அவரோ வேண்டாம் என்றார். அந்த நினைப்பில்தான் எழுந்துவிட்டேன். மீன் குழம்பில் குறை இல்லை என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் கடையைத் திறந்தேன். பாட்டுகளையும் படங்களையும் வேறு இரண்டு இடத்தில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கரண்டியோடு அந்த அம்மா மறுபடியும் முறைத்தார். பிறகு குங்குமப் பொட்டில் கை படாமல் பென்டிரைவை மறுபடி செருகினேன். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, போர்மட்டை அழுத்தினேன்.