குதிரைக்குத் தோள் மாட்டுகிறவள்

என் அத்தையிடம் போய்விட்டு முகம் வாடாமல் திரும்பியவர்கள் குறைவு. பால்காரர், வண்டிக்காரர், பக்கத்துக் கொட்டகைத் தச்சர் என்று எல்லோரும் ஒரு வார்த்தையாவது வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். ‘முள்கம்பி’ என்று அவளுக்குப் பட்டப்பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. முள் என்று தெரிந்த பிறகும் வந்து உரசினால் கிழியாமல் என்ன செய்யும் என்று கேட்பாள்.

அவள் தொழில் எலும்பு. செத்த மிருகத்தின் எலும்புகளை வாரக்கணக்கில் ஊறவைத்து, சதையும் கொழுப்பும் போக அலசி, வெளுத்து, மறுபடி கம்பியாலும் ஆணியாலும் கோத்து உயிரோடு நின்ற மாதிரியே நிறுத்துவது. கல்லூரிகள் வாங்கும். அவளும் அவள் தம்பியான என் அப்பாவும் ஒரே கொட்டகையில் இந்த வேலையைச் செய்தார்கள். மண்டையோடு, முதுகெலும்பு, விலா எல்லாம் அப்பா. கால்கள் நான்கும் அத்தை. சிறுவயதில் பிரித்துக் கொடுத்த வேலை அப்படியே நிலைத்துவிட்டது. ஒருவர் வேலையை இன்னொருவர் எட்டிப் பார்ப்பதுகூடக் கௌரவக் குறைச்சல். அந்தக் கௌரவம் பின்னால் அப்பாவை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் விலங்கியல் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. உடம்பைத் தூக்கி நிறுத்த ஒவ்வொரு உயிருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு என்று அங்கே படித்தேன். மண்புழுவுக்கு உள்ளே அடைபட்ட நீர்தான் எலும்பு. நண்டு தன் எலும்பை வெளியே சட்டையாக மாட்டிக்கொள்கிறது. வளரும்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுச்சட்டை இறுகும்வரை எங்காவது பதுங்கிக் கிடக்கிறது. வாழைக்கு மரக்கட்டை என்று ஒன்றும் கிடையாது. இலை மட்டைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, நீர் ஏறிய விறைப்பில் நிற்கின்றன. எங்கள் வீட்டு ஆட்கள் நின்றது ரோஷத்தில். அது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

சண்டை ஒரு கரடியால் வந்தது. இருவரும் சேர்ந்து கோத்த கரடியைக் கல்லூரிக் காட்சிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வேறு வேலையாக அங்கே போன அத்தை, அதன் காலடியில் இருந்த பித்தளைப் பலகையைப் பார்த்தாள். கோத்தவர் என்று அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு முன் போன மான், காளை, நாய் எல்லாவற்றிலும் தேடினாள். எதிலும் அவள் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “கம்பி பிடிச்சவங்களுக்கெல்லாம் பேர் போட்டா பலகை பத்தாது.”

மறுநாளே பாகப்பிரிவினை பேசினார்கள். கொட்டகையின் நடுவே தகரம் அடித்தார்கள். அப்போது உள்ளே பாதி வேலையில் ஒரு குதிரை இருந்தது. கால்நடைக் கல்லூரிக் குதிரை, அவர்கள் கட்டும் புதுக் காட்சிக்கூடத்துக்கு. அதையும் பிரித்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். தலையும் உடலும் அப்பா பக்கம், கால்கள் அத்தை பக்கம். காலை வைத்துக்கொண்டு முள்கம்பி என்ன செய்யப்போகிறது என்று பஞ்சாயத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. குதிரை வராவிட்டால் பிளாஸ்டிக் குதிரை வாங்கி வைத்துவிடுவோம், இனி எல்லாமே அப்படித்தான் என்று அந்தக் கல்லூரிப் பேராசிரியர் சொல்லியனுப்பினார். அப்பா என்னைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். கால்களைத் தர அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பலகையில் அவள் பெயர் வரவேண்டும். அப்பா முடியாது என்றார். அதை நான் போய்ச் சொன்னதும் அத்தை கால்களைச் சாக்கில் கட்டி, தகரத்தின் இடைவெளி வழியே அவர் காலடியில் தள்ளினாள்.

“இந்தாடா. எல்லாம் தெரிஞ்சவன்தானே, நீயே மாட்டிக்கோ.”

பின்னங்கால்களில் சிக்கல் இல்லை. தொடையெலும்பின் உருண்டை, இடுப்புக் குழியில் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. முன்னங்காலில்தான் அப்பா விழித்தார். தோளை நெஞ்செலும்போடு இணைக்கும் காறையெலும்பு குதிரைக்குக் கிடையாது. தோள்பட்டை எலும்பு உடம்பின் எந்த எலும்போடும் மூட்டு போடுவதில்லை. வெறும் தசைதான் அந்தப் பெரிய நெஞ்சை இரண்டு கால்களுக்கும் நடுவே ஊஞ்சல்போலத் தாங்குகிறது. தசை போய்விட்டால் தோள் எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு குழியோ தடமோ மிஞ்சாது. அத்தனை வருஷம் அதை மாட்டியது அத்தை. அப்பா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

காறை இல்லாத விஷயத்தை நான் எடுத்துச் சொன்னேன். குதிரையை எனக்கே படம் போட்டுக் காட்டுகிறாயா என்று வாயை அடைத்தார். மனிதத் தோள் மாதிரியே முதுகின் உச்சிவரை தூக்கி, பித்தளைத் திருகாணி முறுக்கி முடித்தார்.

பேராசிரியர் வந்து ஒரு சுற்று சுற்றினார். “என்னங்க இது, ‘எனக்கென்ன தெரியும்’னு தோளைக் குலுக்குற மாதிரி நிக்குது?” என்றார். கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் வாய் பொத்தப்படவில்லை. அத்தையின் சிரிப்பு நன்றாகவே கேட்டது. ஒரு வாரத்தில் சரியாக நிற்காவிட்டால் வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அப்பா தானே போய்ப் பலகை அடித்துக்கொண்டு வந்தார். ‘கோத்தவர்’ என்று அவர் பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில், ‘உடன் சகோதரி’.

நான் போய்ச் சொன்னதும் அத்தை கருவிப் பெட்டியோடு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். குதிரையைப் பார்ப்பதற்கு முன் பலகையைக் கையில் வாங்கினாள்.

“சகோதரிக்குப் பேர் கிடையாதா? அம்மா அப்பா எனக்குப் பேர் வைக்க மறந்துட்டாங்களா?”

“அதான் போட்டிருக்கில்ல, விடு.”

“யாரோட சகோதரி? ஊர்ல எல்லாருக்கும்தான் சகோதரி இருக்கா.” பலகையை வேலை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஸ்பேனரை எடுத்து, அப்பா மாட்டிய முன்னங்கால்கள் இரண்டையும் கழற்றினாள். நெஞ்சு சரிய, நான் ஓடிப்போய் முக்காலியை அடியில் கொடுத்தேன். “பேரோட வா. இல்லாட்டி இது மண்டி போட்டே கெடக்கட்டும்” என்று வாசலை நோக்கி நடந்தாள்.

“இன்னிக்கு வரைக்கும் உனக்குச் சோறு போட்டது யாரு?” என்றார் அப்பா.

“நான் மாட்டுன கால்டா. அது நின்னதாலதான் நீ தின்ன.”

அப்பா என்னிடம் பார்வையைத் திருப்பினார். “அவ பேரையும் போட்டு அடிச்சுட்டு வா” என்றார். எந்த அளவு எழுத்தில் என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை வாசலிலிருந்தே சொன்னாள், ஒரே அளவு, ஒரே வரி என்று.

அன்று சாயங்காலம் புதுப்பலகை வந்தது. அத்தை தன் பெயரை விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு தோள்பட்டையைக் கையில் எடுத்து, விலாமேல் சாய்த்து, முதுகு முள்ளெலும்புகளின் உச்சிக்கு ஒரு சாண் கீழே இறக்கி நிறுத்தினாள். குதிரை சட்டென்று குதிரையாகிவிட்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விலாவைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

“இறுக்கிப் பிடி. கம்பி பிடிக்கிறது எவ்வளவு லேசுன்னு தெரியட்டும்” என்று அத்தை திருகாணியை முறுக்கினாள். இரண்டாவது காலுக்கும் அப்படியே பிடிக்கவைத்தாள். முடிந்ததும் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வந்த வழியே தெருவைச் சுற்றித் தன் பக்கம் போய்விட்டாள். அப்பா இன்னும் பிடியை விடவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று நான்தான் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.