பூமிகாவின் ஊஞ்சலுக்கு ஒரு பூச்சு

சந்திரகலா வேலை முடிந்து கொல்லைப்பக்கம் வந்தபோது ஊஞ்சல் பலகையும் ஏணியும் சறுக்குப் பலகையும் கறுத்து மினுங்கின. காலையில் அவள் கிளம்பும்போது எல்லாம் வெளுத்த பைன் மரமாக இருந்தவை. இப்போது படகுத்துறை வாடை அடித்தது.

"எப்டி கீது?" என்றான் அவள் கணவன் சேகர். முழங்கை வரை கோணியைச் சுற்றிக்கொண்டு, கையில் பிரஷ்ஷோடு நின்றான். முகமெல்லாம் பல்.

என்ன பூசியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏரியில் நண்டுக்குப் போகும் அவனுடைய மரப்படகுக்கு வருஷாவருஷம் பூசுகிற முந்திரி ஓட்டு எண்ணெய். பூசிய மரத்தை உப்புத்தண்ணீர் தின்னாது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம்தான்.

"நீ கைக்குக் கோணி சுத்திக்கினு பூசுற. பாப்பா தொடைக்கு இன்னாத்த சுத்துவ?"

"காஞ்சிட்டா ஒண்ணும் பண்ணாது கலா. எங்க தாத்தன் காலத்துலருந்து இதான்."

"உங்க தாத்தன் போட்டுல சறுக்கி வெளையாடினாரா?"

வேலிக்கு அப்பால் மீன் அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா தலையை நீட்டினாள். "வயக்காட்டுப் பொண்ணுக்கு ஏரிக்கரை சங்கதி இன்னா தெரியும்? மழ வரப்போவுது. வெறுங்கட்டையா வுடு, தீவாளிக்குள்ள காளான் பூக்கும்."

சந்திரகலா ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிரிடும் வீட்டில் பிறந்தவள். கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் சேகரைப் பார்த்து, பிடித்துப்போய், இந்தக் குப்பத்துக்கு வந்தவள். துடுப்புப் போட வராது. நண்டு உடைத்தால் பாதி சதை ஓட்டோடு போகும். சிப்காட் பக்கத்துப் பலகைக் கிடங்கில் வேலை கிடைத்த பிறகுதான் அவள் கைக்கு ஒரு பொருள் வசப்பட்டது. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த மரப்பெட்டிகளைப் பிரிப்பது அங்கே அவள் வேலை. சூடுகாட்டிப் பூச்சியைக் கொன்ற மரத்துக்கு ஒரு முத்திரை, விஷப்புகை போட்டதற்கு வேறொன்று. முதல் வகையாகப் பார்த்துப் பொறுக்கி, முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, மகள் பூமிகாவுக்காக இதைக் கட்டினாள். மழைக்கு முன்னால் ஆடலாம் என்று தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டாள். இந்த ஊரில் அவள் கையால் எழுந்து நிற்கிற முதல் பொருள் அது.

எண்ணெய் தீர்ந்துபோனதால் சட்டத்தின் கால்கள் தப்பியிருந்தன. கறுத்த பலகைகளைச் சுரண்டினால் அந்தத் தூளும் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"நாள் பூரா பூசினேன்டி," என்றான் சேகர்.

"வீணாவாது. உன் போட்டுக்கு அடிப்பலகை ஆக்கிக்க. நல்லாத்தான் பூசிக்கீற."

அவன் சிரித்துவிட்டான். மறுவாரம் புதுப் பலகைகள் வந்ததும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்தவனும் அவன்தான். சிராய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விளிம்புகளை உருட்டினார்கள். தரை ஈரம் மேலே ஏறாதபடி கால்களைக் கருங்கல்லில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் சாமானுக்கென்றே தண்ணீரில் கரைத்துச் செய்த வண்ணப்பூச்சைக் கடையில் கேட்டு வாங்கினாள். மரத்தின் வரியோடு வரியாக, மெல்லிசாக இழுத்தாள். பலகையின் வெட்டுமுனைகள் தாகத்தோடு குடித்தன. அங்கே மட்டும் மறுபடி மறுபடி கொடுத்தாள்.

பிறகு காத்திருப்பு. பிள்ளைகள் வேலியில் தொங்கினார்கள். "இப்பயாவது?" என்பாள் பூமிகா. சந்திரகலா வெள்ளைத் துணியை நனைத்துப் பலகையில் அழுத்தித் தேய்ப்பாள். துணியில் தேன்நிறம் ஒட்டியிருக்கும். "இன்னும் ஆவல."

வானம் இருட்டிய அன்று சேகர் படகின் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். காற்றோட்டம் விட்டுக் கட்டினார்கள். அன்று தூறலோடு போயிற்று. அதன் பிறகு வெயில், நல்ல வெயில். பூச்சின் வாடையும் போய்விட்டது.

பெருமழை வந்தபோது தார்ப்பாய் இல்லை. அவள் வேண்டுமென்றேதான் கட்டவில்லை. அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். சறுக்குப் பலகையில் விழுந்த நீர் உள்ளே இறங்க இடம் கிடைக்காமல் முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருண்டது.

மழை விட்டதும் துணியோடு போனாள். ஊஞ்சல், ஏணி, சறுக்கு. வியர்க்க வியர்க்கத் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. தன் முழங்கையின் உள்பக்கத்தை ஊஞ்சல் பலகையில் வைத்து நன்றாகத் தேய்த்தும் பார்த்தாள். மறுநாள் காலையிலும் தோல் அப்படியே இருந்தது.

"ஏறு," என்றாள் பூமிகாவிடம்.

தெருவே கொல்லைக்குள் புகுந்தது. சறுக்கி விழுந்த கூச்சலில் காக்கைகள் எழுந்து பறந்தன. கன்னியம்மா வந்து பலகையை உள்ளங்கையால் தடவினாள், மோந்து பார்த்தாள், இன்னொரு முறை தடவினாள்.

"எங்க ஊட்டாண்டயும் ஒண்ணு கட்டித் தருவியா?"

"தரேன்க்கா. மரத்த நாந்தான் பொறுக்குவேன், பூச்சும் நாந்தான்."

"நீதான்டி," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு கன்னியம்மா ஊஞ்சலில் தானே உட்கார்ந்தாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஆட்டி வுடு."

சந்திரகலா இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்து, வேகமாக ஆட்டிவிட்டாள்.