நான் தாண்டிப்போன வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டுகிறவரை அந்த நினைப்பு இருந்தது.

ஊரை விட்டு வடக்கே, கிர்க்கியில் இருக்கிறது எங்கள் தமிழ்ச் சபை. பெரும்பாலும் ஃபாக்டரி ஆட்கள். ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்ய யாராவது வந்தால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் தலையெழுத்து — பத்து வருடமாக. கண்ணில் உத்திரம் என்பார்கள், ஊசிக் காதில் ஒட்டகம் என்பார்கள்... எதை அப்படியே சொல்வது, எதை விளக்குவது? யோசிப்பதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். அலுத்துவிட்டது ஐயா.

போன வாரம் வந்த வெள்ளைக்காரப் போதகர் மலைப்பிரசங்கத்தை வசனம் வசனமாக எடுத்தார். வலது கை பாவம் செய்ய வைத்தால் அதை வெட்டி எறி என்ற இடம் வந்தது.

முதல் பெஞ்சில் செல்லையா. போன வருடம் பிரஸ் மெஷினில் வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். மடித்து ஊக்குக் குத்திய சட்டைக் கை என் கண்ணெதிரே. எனக்கு வாய் வரவில்லை. ‘தீய பழக்கங்களை விட்டுவிடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்தேன். போதகர் மூன்று நிமிடம் பேசியதற்கு அதுதான் என் தமிழ்.

வாசலில் செல்லையா என்னை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, அந்த வசனத்தை ஏன் விட்டுட்டிய? நான் புஸ்தகத்துல வெரல வச்சுக்கிட்டேல்லா வந்தேன்.”

“மனசு கேக்கல, செல்லையா.”

“குடிச்ச கை, அதான் ஆண்டவர் எடுத்துட்டாருன்னு எம்பொஞ்சாதி வருஷம் பூரா சொல்லுதா. எனக்கும் அப்படித்தான் தோணுது. அந்தப் போதகர் என்ன சொன்னாரு?”

சொன்னேன். அது உருவகப் பேச்சு, ஆண்டவர் யாருடைய கையையும் கேட்கவில்லை, விபத்தில் கை போனவனைப் பாவி என்று யாரும் சொல்லக் கூடாது — இத்தனையும் சொல்லியிருந்தார் அந்த மனிதர்.

செல்லையா பெண்கள் பக்கத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். “அவளும் பொம்பளையள் பக்கம் உக்காந்துதான இருந்தா” என்றார்.

வீட்டுக்கு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க தனியா வந்து சொன்னா, எனக்காகச் சொல்லுதியன்னுவா.”

போதகரோ அதற்குள் பம்பாய் ரயிலுக்குக் கிளம்பியிருந்தார்.

வெட்கமாக இருக்கிறது. இரக்கம் என்று நினைத்தேன். என் சங்கடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். போதகர் சொன்னது இது, சொல்லாமல் விட்டது நான் என்று இந்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். எங்கள் பாஸ்டரும் சரி என்றுவிட்டார்.

செல்லையா வீட்டம்மா மட்டும் வரவேண்டும்.