மூலைக்கொடிப் புல்

ஜெர்மனியில் எங்கள் ஆட்களின் பிள்ளை பெரியவளாவது ஒரு வருடம், சடங்கு நடப்பது அடுத்த வருடம். இடையில் இருப்பது மண்டபம் கிடைக்கும் வரையான காத்திருப்பு. கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்துச் சிற்றூரில் எங்கள் மகளுக்காக நாங்கள் கேட்ட மண்டபத்தில் அடுத்த வசந்த காலத்துக்கு ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சமிருந்தது. மே மாதத்தின் நடுப்பகுதி. அதை உறுதி செய்வதற்கு முன் நான் ஸ்கொட்லாந்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அங்கேதான் என் மனைவியின் அண்ணன் இருந்தார். தாய்மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. பாலில் தோய்த்த அறுகம்புல்லை மாமன்தான் பிள்ளையின் தலையில் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பயணம் செய்வதற்கான பத்திரம் அவருக்கு அந்தக் கோடையில்தான் கிடைத்திருந்தது.

அவர் ஒரு சிறிய நகரத்தின் உதைபந்தாட்டக் கழகத்தில் மைதானம் பராமரிப்பவராக வேலை செய்தார். முதலில் ஆட்டம் முடிந்த பிறகு இருக்கைகளுக்கடியில் குப்பை பொறுக்கினார். பின்னர் ஒரு நாள், அங்கிருந்த வயதான பராமரிப்பாளர் முள்ளுக்கரண்டி போன்ற மண்வாரி ஒன்றை அவர் கையில் கொடுத்து, பூட்ஸ் கிளப்பிய மண்கட்டிகளைத் திரும்பப் பதிக்கச் சொன்னார். அதிலிருந்து அவர் புல்லோடு இருந்தார்.

“மே நடுவிலயோ? பிரச்சினை இல்லை மச்சான்,” என்றார். “அதுக்குள்ள எங்கட அலுவல் முடிஞ்சிடும். நாங்கள் வெல்லவும் மாட்டம், விழவும் மாட்டம். நடுவில நிப்பம்.”

அவருடைய கழகம் அந்நாட்டின் முதற்பிரிவில் இருந்தது. முந்தைய வருடமும் அப்படித்தான் நடுவில் நின்றது. நான் மண்டபத்தை உறுதி செய்தேன். அவர் அன்றே விடுமுறை எழுதிக் கொடுத்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் அவர் எங்களை அழைப்பார். தங்கையோடு பேசிவிட்டு என்னிடம் ஆட்டத்தைச் சொல்வார். அதற்கு முன்பே நான் தொலைக்காட்சியின் எழுத்துப் பக்கங்களில் முடிவைப் பார்த்து வைத்திருப்பேன். எனக்கு உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு கிடையாது. பட்டியல்கள் பிடிக்கும். அவருடைய கழகம் ஒக்ரோபரில் ஒரு படி இறங்கியது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் இன்னும் இரண்டு. தைமாதம் மைதானம் உறைந்து கிடந்ததால் ஆட்டங்கள் தள்ளிப்போயின. அவர் பேச்சில் கோல்கள் குறைந்து, பனியும் சேறும் கூடின.

“கோல்கீப்பருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. எல்லாம் எங்களுக்குத்தான் நடக்குது.”

அந்த நாட்டு லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி, சித்திரை அளவில் பட்டியலை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வெட்டிவிடுவார்கள். கடைசி ஐந்து ஆட்டங்களும் அந்தந்தப் பாதிக்குள்தான். அவை எந்த நாளில் என்பது வெட்டிய பிறகே தெரியும். கீழ் பாதியில் கடைசியாக வருகிற ஒரு கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். திகதிகள் வெளிவந்த அன்று, வழக்கத்துக்கு மாறாக அவர் செவ்வாய்க்கிழமை அழைத்தார். கடைசி ஆட்டம் சடங்கு நாளில். அதுவும் அவர்களுடைய சொந்த மைதானத்தில். பட்டியலில் அவர்கள் கடைசிக்கு ஒரு படி மேலே நின்றார்கள்.

“விழுந்தா எனக்கு வேலை இல்லை மச்சான்,” என்றார். “புல்லுக்கு இரண்டு பேர் வைச்சிருக்கேலாது எண்டு இப்பவே சொல்லிப் போட்டாங்கள். கிழவன் நிப்பான். நான் போகோணும்.”

மனைவி தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்தாள்.

“அண்ணை, வாறீங்களோ இல்லையோ?”

அவர் ஆட்டத் திகதியைத் திரும்பவும் சொன்னார்.

“நீங்கள் வராட்டி ஆரைக் கொண்டு தண்ணி வாக்கிறது? உங்கட கோல்கீப்பரைக் கூப்பிடட்டே?”

“கூப்பிடு. அவன்ர கையில ஒண்டும் நிக்காது. செம்பையும் விட்டிடுவான்.”

அவள் சிரித்தாள். அழுகையும் இருந்தது. அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். “வாறன் பிள்ளை,” என்றார். “நான் நிண்டா புல்லைத்தான் வெட்டலாம். கோல் அடிக்கேலாது.”

மிச்ச வேலைகளை நான் ஒழுங்கு செய்தேன். ஐயர் சொன்ன பொருட்களில் கிடைக்காமல் போனது அறுகம்புல் மட்டுமே. தமிழ்க்கடையில் இல்லை. மற்றவர்களுடைய சடங்குகளில் மண்டபத்து வாசலில் இருக்கிற புல்லைப் பிடுங்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் ஊரிலுள்ள நாய்களை நடக்கக் கூட்டி வருவார்கள். இதை மச்சானிடம் சொன்னேன்.

“புல்லோ? புல்லுக்கு நான் இருக்கிறன்.”

வெள்ளிக்கிழமை காலையில் மைதானத்தைக் கடைசியாக வெட்டிக் கோடு கீறிவிட்டு, மாலை விமானத்தில் வந்தார். விமான நிலையத்தில் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “மெலிஞ்சு போனீங்கள்,” என்றாள் அவள். “நீ மெலியேல்லை,” என்றார் அவர். பிறகு பையிலிருந்து ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். ஈரக் கடதாசியில் சுற்றிய புல், ஒரே நீளத்தில், நுனி கலங்காமல்.

“மைதானத்து மூலைக்கொடியடிப் புல்லு. அங்கதான் கால் படுறது குறைவு. எங்கட ஆக்களுக்குக் கோர்னர் கிக்கும் கிடைக்கிறேல்லை.”

சனிக்கிழமை மண்டபத்தில் ஐயர் அந்தப் புல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது அறுகில்லையே.”

“முதல் பிரிவு அறுகு ஐயா,” என்றார் மச்சான். “பின்னேரம் வரைக்கும்.”

ஐயருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் மந்திரத்தைத் தொடங்கினார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி, பாலில் தோய்த்த புல்லை என் மகளின் தலையில் வைத்து, தண்ணீர் வார்த்தார். புல்லை வைத்த கை நிதானமாக இருந்தது. “மாமா, குளிருது,” என்றாள் அவள். “எங்கட ஊருக்கு வா, குளிர் எண்டா என்னெண்டு காட்டுறன்,” என்றார். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த நாள் முழுவதும் அழாத ஒரே நேரம் அதுதான்.

சாப்பாடு முடிந்து படம் எடுப்பது தொடங்கும்போது அங்கே ஆட்டமும் தொடங்கியிருந்தது. விருந்தினர்கள் குடும்பம் குடும்பமாக மேடைக்கு வருவார்கள். நடுவில் பிள்ளை. ஒரு பக்கம் தாயும் தகப்பனும், மறுபக்கம் மாமன். மாமன் இறங்கிப் போக முடியாது. புதுப் பட்டுச்சட்டையிலும் பை இல்லை என்று தன் கைத்தொலைபேசியை என்னிடம் தந்திருந்தார். நான் கோட் போட்டிருந்தேன். அதற்குள் அவருடைய கழகம் கடைசி இடத்துக்கு வந்திருந்தது; வென்றால் தப்பலாம், மற்றப்படி இறக்கம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் கிழவர் குறுஞ்செய்தி அனுப்புவார் என்று ஏற்பாடு.

வரிசை நீண்டிருந்தது. என்னுடன் வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர் குடும்பத்தோடு மேடை ஏறி, எங்கே நிற்பது என்று தெரியாமல் மச்சானின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அப்போது கோட்டுப் பையில் அதிர்வு வந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தன. இரண்டும் பூச்சியம்.

மச்சான் கமராவைப் பார்த்தபடியே கேட்டார். “என்னவாம்?”

“படம் முடியட்டும்,” என்றேன்.

வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு யோசித்தேன். எப்படிச் சொன்னாலும் அவருக்கு விளங்கியிருக்கும். அவர் தலையாட்டிவிட்டு, ஜெர்மன்காரரின் சின்ன மகளைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். வரிசை முடியும்வரை அப்படியே நின்றார். எங்கள் அல்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு எந்தப் படத்தோடு அவருக்கு முடிவு தெரிய வந்தது என்று சொல்ல முடியாது.

தலையில் வைத்த புல்லைக் கால்படாத இடத்தில் போட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை நாங்கள் இருவரும் அதை ரைன் ஆற்றில் விட்டோம். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. கரையிலிருந்த புல்லைக் குனிந்து பிடித்துப் பார்த்து, “பாசி பிடிச்சிருக்கு, மண்ணுக்குள்ள காத்துப் போகேல்லை,” என்றார். மனைவி இன்னும் ஒரு கிழமை நிற்கச் சொன்னாள். “ஏலாது பிள்ளை. மைதானத்தைக் கிளறி விதைக்கோணும். அது மட்டும் செய்து தரச் சொன்னவங்கள்,” என்றார்.

விதைத்தார். முளைத்த பிறகு வேலை நின்றது. கோடை முடிவதற்குள் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். சனிக்கிழமை அழைப்பு நிற்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை வழமையான நேரத்துக்கு அழைத்தார்.

“ரிக்கெற் எடுத்து மைதானத்துக்குப் போனனான் மச்சான். புல்லு நல்லா வந்திருக்கு.”

“ஆட்டம்?”

“வெண்டவங்கள் எண்டு நினைக்கிறன். நான் வடிவாப் பாக்கேல்லை. மூலைக்கொடியடியில கோட்டைக் கோணலாக் கீறி வைச்சிருக்கிறான் கிழவன்.”