கழுத்தில் டியூப், கையில் படிவம்

ஆராய்ச்சி நர்ஸ் என்றதும் மைக்ராஸ்கோப்பைக் கற்பனை செய்துகொள்கிறவர்கள் ஒருநாள் எங்கள் வார்டுக்கு வந்து, மூத்திரப் பை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று என்னோடு சேர்ந்து குனிந்து பார்க்கவேண்டும். உடம்புக்குள் டியூப் போனால் அதையொட்டிக் கிருமியும் உள்ளே போகப் பார்க்கும். அதைத் தடுப்பது எப்படி என்பதுதான் வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த ஆராய்ச்சி. யோசித்தது டாக்டர்கள்; படுக்கை படுக்கையாக நடந்தது நான். இதே பிழைப்பில் இருக்கும் சக நர்ஸுகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஆனாலும் கேளுங்கள்.

பதினொரு பக்கம்

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பஷீர் பாய்க்கு, டயாலிசிஸ் செய்வதற்காகக் கழுத்தில் டியூப் போட்டிருந்தார்கள். டியூப் நுழையும் இடத்தை மூடுகிற பிளாஸ்திரியில் எங்களிடம் இரண்டு வகை. ஒன்று சாதாரணம், இன்னொன்றில் கிருமியைக் கொல்லும் மருந்து தடவியிருக்கும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். அதற்குச் சம்மதம் வாங்க, பதினொரு பக்கப் படிவத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாம் பக்கத்தில் எனக்கே தொண்டை வறண்டுவிட்டது.

பொறுமையாகக் கேட்டவர், "இன்னாம்மா, இதுல எது நல்லதுன்னு உங்க டாக்டருக்கே தெரியாதா?" என்றார். "தெரியாது பாய். தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆராய்ச்சி" என்றேன். ஆள் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தினி வருசத்துல தெரியாதுன்னு சொல்ற ஆஸ்பத்திரிய இப்பதான் பாக்குறேன். பேனாவக் குடும்மா."

ஒட்டத் தெரிந்தவள்

செல்வி ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை செய்தவள். அவளுக்கும் கழுத்து டியூப்தான். அவளுடைய பிளாஸ்திரி மட்டும் இரண்டு நாளுக்கொரு முறை ஓரம் பிரிந்து வந்தது. பிரிந்தால் கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. நாங்கள் கூடிப் பேசினோம். வியர்வை என்றார் ஒருவர். வேலூர் வெயில் என்றார் இன்னொருவர். சரக்கே மட்டம் என்று முடிவு கட்டினேன் நான்.

அடுத்த தடவை சுத்தம் செய்யும் மருந்தைத் தடவிய கையோடு பிளாஸ்திரியை எடுத்தேன். "இருங்கக்கா, இருங்கக்கா" என்று தடுத்தாள் செல்வி. ஈரம் தானாகக் காயும் வரைக்கும் என்னைச் சும்மா நிற்க வைத்தாள். பிறகு ஒட்டச் சொன்னாள். அந்தப் பிளாஸ்திரி ஒரு வாரம் அசையவில்லை. மருந்து காய்ந்த பிறகே ஒட்டவேண்டும் என்று எங்கள் விதிமுறைத் தாளிலேயே இருக்கிறது. அவசரத்தில் நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். அசடு வழிய நின்றேன்.

"ஈரத்துல ஒட்டினா எங்க சூப்பர்வைசர் அந்த ஷூவ மூஞ்சிக்கு நேரா ஆட்டுவாருக்கா. உங்களுக்கு அப்டி ஒருத்தர் இல்லியா?"

மேடும் பள்ளமும்

நெமிலிப் பக்கத்து விவசாயி முனுசாமிக்கு ஆபரேஷன் முடிந்து மூத்திர டியூப் போட்டிருந்தது. பார்க்க யாராவது வந்தால் வெட்கப்பட்டு, பையைத் தூக்கிப் படுக்கையில் வைத்துப் போர்வையால் மூடிவிடுவார். பை மேலே ஏறினால் உள்ளே இருப்பது உடம்புக்கே திரும்பும் என்று நானும் படித்துப் படித்துச் சொன்னேன். மூன்றாம் நாள், "மேட்டுல மடைய தொறந்தா தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன். சட்டென்று பையைக் கீழே இறக்கினார்.

அதற்கப்புறம் அந்த வார்டுக்கே அவர்தான் இன்ஸ்பெக்டர். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், போர்வையை விலக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று பையை எடுத்துப் படுக்கைமேல் வைத்தார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். முனுசாமி கொஞ்சமும் தயங்கவில்லை.

"பைய கீழ எறக்குங்க சார். அந்த நர்ஸம்மா பாத்தா உங்களையும் திட்டும்."

அடித்து எழுதிய தேதி

வீட்டுக்குப் போன நோயாளிகளை வாரம் ஒருமுறை போனில் விசாரிப்பதும் என் வேலை. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் எஸ்தர் அக்கா எப்போதும், "நல்லா கீறேன், போன வையி" என்று முடித்துவிடுவார். அன்று மதியம் அவர் பேசும்போது பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. "டயாலிசிஸ் முடிஞ்சா வர்ற குளிர்தான். நாளைக்கி சர்ச்சுல பொண்ணு கல்யாணம். முடிச்சிட்டு திங்கக்கிழம வர்றேன்" என்றார். கழுத்தில் டியூப் இருப்பவருக்கு இப்படிக் குளிர் நடுக்கினால், கிருமி ரத்தத்தில் இறங்கியிருக்கலாம். "போனைப் பொண்ணுகிட்ட குடுங்க" என்றேன். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

உடனே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன் மகளிடம். அவள் மருதாணி போட்ட கையோடு அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, பின்னே காரில் மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. பழைய டியூபை எடுத்து, மருந்து ஏற்றி, இரண்டு நாள் எல்லோரும் கவலையோடு பார்த்துக்கொண்டோம். கல்யாணம் தள்ளிப்போனது. பிழைத்துக் கண் விழித்த அக்கா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. படிவத்தில் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கிளம்பும் அன்று கூப்பிட்டு, என் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திணித்தார்.

"பழைய தேதிய அடிச்சி எழுதிக்கீறேன். தள்ளிவச்சவ நீதானே, மொத வரிசையில வந்து உக்காரு."

இவர்களெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில் வெறும் எண்களாகத்தான் வரப்போகிறார்கள். என் பாடு பரவாயில்லை, கடைசிப் பக்கத்து நன்றி வரியில் என் பெயரே வருகிறது, எழுத்துப் பிழையோடு.