மஞ்சள் தடவாத கடிதம்

எனக்கு மூக்கின்மேல் கோபம். சங்கரன்கோவிலில் என்னோடு ஆபீசில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். சொல்வது பொய்யும் இல்லை. போன வருஷம் வாசுதேவநல்லூரிலிருந்து என் அக்கா, அத்தானுக்கு இருதய ஆபரேஷன் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். வழக்கமான காலை வணக்கம் என்று நினைத்து, வாசிக்காமலே பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தட்டிவிட்டேன். அவள் போனில் கேட்டபோது, தப்பு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "ஒரு படத்துக்குப் போயி இம்புட்டுப் பேச்சா" என்று கத்திவிட்டு வைத்தேன். அத்தான் தேறி நடமாட ஆரம்பித்துவிட்டார். அக்கா பேச்சை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

ஆடி மாதத்தில் என் போன் கீழே விழுந்து செத்தது. ரிப்பேருக்குக் கொடுத்தவன் திரும்ப வாங்கப் போகவே இல்லை. முதல் இரண்டு நாள் கை சும்மா சும்மா சட்டைப்பையைத் தடவியது. பிறகு பகல் நீண்டுகொண்டே போனது. மேற்கேயிருந்து வருகிற காற்று ஜன்னல் திரையை உள்ளே தள்ளும், வெளியே இழுக்கும். அதைப் பார்த்தபடி அரைத் தூக்கத்தில் கிடப்பேன். பூச்சந்தை வண்டி தெருவைக் கடந்த பிறகும் பிச்சிப்பூ வாசனை போகாமல் நிற்கும். மணி பார்க்கத் தோன்றாது. சுகமாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம், தபாலாபீசில் இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்து அக்காவுக்கு எழுதினேன். பேனா மெதுவாகத்தான் போனது. கோபத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டாவது வரியிலேயே எழுந்து போய்விட்டது. அவள் என் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்ட சனிக்கிழமைகள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தன. இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகவும் எழுதினேன்.

ஐந்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அக்காவே வந்து இறங்கினாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். பிரிக்கவே இல்லை.

"இப்பல்லாம் தபால்ல வாரது கருமாதிக் கடுதாசிதான். நல்ல சேதின்னா மூலையில மஞ்சத் தடவியிருக்கும்லா. உன் கையெழுத்தப் பாத்ததும் பிரிக்கப் பயந்துட்டேன். போன் போட்டா அதுவும் அணைஞ்சு கெடக்கு. உனக்கு என்னமும் தீராத சீக்கோன்னு, வீட்டுக்குள்ள கொண்டுபோவாம வாசக்கூரையிலயே சொருகி வச்சிருந்தேன்."

"ஒண்ணுமில்லக்கா. பிரிச்சு வாசி."

"நீயே வாசி. கெட்டதுன்னாலும் உன் வாயால கேட்டுக்கிடுதேன்."

வாசித்தேன். நலம் விசாரித்த வரிகளெல்லாம் சரளமாக வந்தன. 'அன்றைக்கு நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு அக்கா' என்ற இடம் வந்தது. கை எழுதிவிட்டதை வாய் சொல்ல மாட்டேன் என்றது. அடுத்த வரிக்குத் தாவினேன்.

"ஏலே, எதையோ முழுங்குதே. வாசி."

வாசித்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூடிய துணிக்குள்ளிருந்தே, "அத மட்டும் இன்னொருக்கா வாசி" என்றாள்.